புகைப்படத்திலிருந்து கோட்டு வரை: கறுப்பின ஆண்களின் ஸ்டைலைப் படித்து நமக்குத் தைத்துக்கொள்ளும் முறை

போனில் ஒரு படத்தைக் காட்டி "இதே மாதிரி வேணும்ணே" என்று கேட்பவர்களைப் பத்து வருடமாகப் பார்க்கிறேன். ஆண்களுக்குக் கோட்டு தைக்கும் கடையில், கட்டிங் மாஸ்டருக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் நிற்பதுதான் என் வேலை. முன்பெல்லாம் சினிமா நடிகர் படம்தான் வரும். இப்போது ஜாஸ் இசைக்காரர், கூடைப்பந்து வீரர், ராப் பாடகர், கொங்கோவின் சப்பேர் (நேர்த்தியாக உடுத்துவதையே வாழ்க்கை முறையாகக் கொண்டவர்) என்று கறுப்பின ஆண்களின் படங்கள் நிறைய வருகின்றன. 2025 மே மாதம் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் கறுப்பினத் தையல் நேர்த்தியைப் பற்றி ஒரு கண்காட்சி திறந்ததிலிருந்து இன்னும் அதிகம்.

வருகிறவர்களில் பாதிப்பேர் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் முதலிலேயே வாங்கி வைத்துவிட்டு, அதற்குப் பொருத்தமாகக் கோட்டு கேட்கிறார்கள். வரிசை தலைகீழானால் வேலையும் தலைகீழ்தான். கீழே உள்ள வரிசையில் போனால் துணியும் காசும் வீணாகாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு இன்ச் டேப், ஒரு நோட்டு, படங்களுக்கென்று போனில் தனி ஃபோல்டர். உங்களிடம் இருப்பதிலேயே உடம்புக்குச் சரியாக உட்காரும் ஒரு சட்டை, ஒரு பேன்ட். அளவு பேச அவைதான் ஆதாரம். அந்தக் கோட்டோடு போடப்போகும் ஷூ இப்போதே இருக்க வேண்டும். ஷூவின் குதிகால் உயரம் தெரியாமல் பேன்ட் நீளம் வைத்தால் பிறகு தூக்கவோ இறக்கவோ வேண்டிவரும்.

இதற்கெல்லாம் மேலாக ஆறு வாரம் வேண்டும். கல்யாண வரவேற்புக்குப் பத்து நாள் முன்னால் வருகிறவருக்கு நான் இந்த வேலையைச் சொல்வதில்லை, ரெடிமேட் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன்.

1. ஒரே ஆள், ஒரே காலம்

ஜாஸ் டிரம்பெட் கலைஞரைக் காட்டி "மைல்ஸ் டேவிஸ் மாதிரி" என்று சொன்னால் போதாது. 1950களின் நடுவில் அவர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் ஐவி பாணிக் கோட்டில் இருந்தார். மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் சார்லி டேவிட்சன் நடத்திய ஆண்டோவர் ஷாப்பில் தைத்துக்கொண்டார். 1970களில் அதே மனிதர் பெரிய கண்ணாடி, பளபளக்கும் துணி, தோல் உடை என்று வேறு ஆளாகிவிட்டார். இரண்டு காலத்தையும் ஒரே உடம்பில் ஏற்றினால் பகல் வேஷக்காரர் போல இருக்கும்.

ஆகவே ஒரு பெயர், ஐந்து வருடத்துக்குள் ஒரு காலம். முதல் தடவை தைப்பவருக்கு நான் சொல்வது 1955 முதல் 1960 வரையிலான மைல்ஸ். வெட்டு எளிமை, அலுவலகத்துக்கும் போடலாம், நம் ஊர்த் தையல்காரர் கைக்கு வரும். நடிகர் சிட்னி பாட்டியேயின் 60களும் பாதுகாப்பான தேர்வுதான். நிறத்தில் துணிச்சல் உள்ளவருக்கு லண்டன் தையல் வடிவமைப்பாளர் ஆஸ்வால்ட் போட்டெங். 1940களின் அகலத் தோள், நீளக் கோட்டு உடையான ஸூட் சூட்டை முதல் முயற்சியாக எடுக்காதீர்கள். ஏனென்று 4ஆம் படியில் சொல்கிறேன்.

2. படங்களைச் சேர்த்து, வருடம் எழுதுங்கள்

ஒரு படம் போதாது, குறைந்தது பத்து வேண்டும். அவற்றில் இரண்டு முழு உருவமாக, ஒன்று பக்கவாட்டில், ஒன்று உட்கார்ந்த நிலையில் இருக்க வேண்டும். நின்று எடுத்த படத்தில் தெரியாத பேன்ட் உயரம் உட்கார்ந்த படத்தில் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு படத்துக்கும் வருடம் எழுதுங்கள். வருடம் தெரியாத படத்தை நீக்கிவிடுங்கள். சினிமாவில் போட்ட உடையையும் சொந்த உடையையும் கலக்காதீர்கள். முன்னது இன்னொருவர் தேர்வு. கறுப்பு வெள்ளைப் படத்தில் யாரோ பின்னாளில் ஏற்றிய நிறத்தையும் நம்பாதீர்கள். போன மாதம் ஒருவர் நீலக் கோட்டு என்று அடம்பிடித்தார். அது கணினி ஏற்றிய நீலம். அசல் படத்தில் வெறும் சாம்பல்தான் தெரிகிறது.

அவரே உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படமா, வழியில் யாரோ எடுத்த படமா என்றும் குறித்துவையுங்கள். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் தன்னை ஏறக்குறைய 160 முறை புகைப்படம் எடுக்கவைத்தார். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கர்களில் அதிகம் படமெடுக்கப்பட்டவர் அவர். ஒவ்வொன்றிலும் கோட்டும் கழுத்துப்பட்டையும் கச்சிதம், முகத்தில் சிரிப்பு அரிது. தன் இனத்தைக் கோமாளியாக வரைந்த கேலிப் படங்களுக்கு அதுதான் அவர் பதில். அப்படிப் பார்த்துப் பார்த்து எடுத்த படத்தில் ஒவ்வொரு மடிப்பும் அவர் முடிவு. வழியில் எடுத்த படத்தில் கோட்டு இயல்பாக எப்படி விழுகிறது என்று தெரியும். இரண்டும் தேவை.

3. "ஏன் இதைப் போட்டார்?" என்று ஒரு வரி

எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. நோட்டில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். எதை எடுப்பது, எதை விடுவது என்பது அந்த வரியிலிருந்துதான் கிடைக்கும்.

நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் டாப்பர் டான் என்ற தையல் வடிவமைப்பாளர் 1982இல் 125ஆம் தெருவில் கடை திறந்தார். பெரிய ஐரோப்பிய நிறுவனங்களின் சின்னங்களைத் தானே தோலில் அச்சடித்து, அந்த நிறுவனங்கள் தைக்கவே தைக்காத ஜாக்கெட்டுகளைத் தைத்தார். அந்தக் கடைகளின் கதவு தன் வாடிக்கையாளர்களுக்கு எளிதில் திறக்காத காலத்தில், அந்தச் சின்னத்தை அவர்கள் அளவுக்கு, அவர்கள் தெருவுக்கு ஏற்ப மாற்றினார். இந்தக் காரணத்தை விட்டுவிட்டுச் சின்னத்தை மட்டும் எடுத்தால் நம் கையில் இருப்பது பிளாட்பாரத்துப் போலி டி-ஷர்ட்தான். அவரிடமிருந்து எடுக்க வேண்டியது வேறு: தாராளமான வெட்டு, தோலும் துணியும் சேரும் இடம், வாடிக்கையாளரின் உடம்பிலிருந்து தொடங்கும் பழக்கம்.

மைல்ஸுக்கு வருவோம். கறுப்பின மாணவர்களை விரல்விட்டு எண்ணும் அளவுக்கே சேர்த்த கல்லூரிகளின் உடை அது. அதை எடுத்து, அந்த மாணவர்களை விடக் கச்சிதமாகப் போட்டார். 1959 ஆகஸ்ட் மாதம் நியூயார்க்கில் தான் வாசித்துக்கொண்டிருந்த பேர்ட்லேண்ட் கிளப்பின் வாசலில் போலீஸ்காரர்கள் அவர் தலையில் அடித்தார்கள். வெளிர்நிறக் கோட்டில் ரத்தம் வழிந்த படம் இன்றும் இருக்கிறது. என் கடையில் மைல்ஸ் கோட்டு கேட்பவருக்கு அந்தப் படத்தையும் காட்டுவேன். பார்த்தபின் யாரும் "ஜாலியா ஒரு ரெட்ரோ லுக்" என்று கேட்பதில்லை. கச்சிதமாக வேண்டும் என்று கேட்கிறார்கள். அங்கிருந்துதான் அளவு பேச முடியும்.

4. வெட்டைப் படியுங்கள்

நிறமும் துணியும் இப்போது வேண்டாம். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டு வெளிக்கோட்டை மட்டும் பாருங்கள். மேலிருந்து கீழே இதே வரிசையில் குறியுங்கள்: சோல்டர், லேபல் (கோட்டின் முன்பக்கம் காலரிலிருந்து மடிந்து இறங்கும் பகுதி), பட்டன் இடம், கோட்டு நீளம், பேன்ட் எங்கே கட்டியிருக்கிறது, தொடை, பாட்டம்.

சோல்டர் முதலில், ஏனென்றால் தைத்த பிறகு மாற்றவே முடியாத இடம் அதுதான். இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம். சோல்டர் தப்பினால் கோட்டு தப்பியது. ஐவி கோட்டில் சோல்டருக்குள் வைக்கும் பேட் இருக்காது, இருந்தாலும் காகிதம் போல மெல்லியது. சோல்டர் எலும்பு முடியும் இடத்தில் கோட்டும் முடிந்து, கை அப்படியே வழிந்து இறங்கும்.

லேபலை இன்ச்சில் படிக்க முடியாது. படம் பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்து அளவு மாறும். ஆகவே விகிதம் பாருங்கள். காலரிலிருந்து சோல்டர் முனை வரை திரையில் ஸ்கேல் வைத்து அளங்கள். அதில் லேபல் எவ்வளவு தூரம் போகிறது? சரிபாதியென்றால் நடுத்தரம். 50களின் பிற்பகுதி ஐவி கோட்டில் பாதிக்குக் கீழேயே நின்றுவிடும். பிறகு அதே விகிதத்தை உங்கள் சோல்டரில் போட்டால் உங்கள் இன்ச் கிடைக்கும். அவருடைய இன்ச் நமக்கு எதற்கு?

ஐவி கோட்டில் மூன்று பட்டன் இருக்கும், ஆனால் மேல் பட்டன் லேபல் மடிப்போடு மடிந்து உள்ளே போய்விடும். போடுவது நடுப் பட்டனை மட்டும். முன்பக்கம் இடுப்பைப் பிடிக்கும் டார்ட் கிடையாது, பின்னால் நடுவில் ஒரு பிளவு, அதாவது சென்டர் ஓபன். டார்ட் இல்லாததால் உடம்போடு ஒட்டாமல் நேராக இறங்கும். ஜிம்முக்குப் போகும் பையன்களுக்கு முதலில் இது பிடிப்பதில்லை. "டைட்டா இல்லையேண்ணே" என்பார்கள். இரண்டு மணி நேரம் போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

ஸூட் சூட் இதற்கு நேர் எதிர். கனமான பேட் வைத்த அகலச் சோல்டர், முழங்காலைத் தொடும் கோட்டு, நெஞ்சுக்குக் கீழே கட்டும் பேன்ட், முழங்காலில் பலூன் போல விரிந்து கணுக்காலில் இறுகும் கால். பாடகர் கேப் கேலோவே போட்டுப் பிரபலமானது. 1942இல் போர்க்காலக் கம்பளிக் கட்டுப்பாடு வந்த பிறகும் இவ்வளவு துணியைப் போட்டதே ஒரு பேச்சாக இருந்தது. 1943 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் கடற்படை, ராணுவச் சிப்பாய்கள் இந்த உடை போட்ட மெக்சிக்கோ வம்சாவளி, கறுப்பின இளைஞர்களைத் தெருவில் அடித்து உடையை உருவினார்கள். தைப்பதிலும் சங்கடம்: எல்லா அளவும் ஒன்றையொன்று தாங்கி நிற்கிறது. கோட்டு நீளத்தைக் கொஞ்சம் குறைத்தால் பேன்ட் அசிங்கமாகிவிடும். அதனால்தான் முதல் முயற்சிக்கு வேண்டாம் என்றேன்.

5. துணி: நம் வெயிலை மறக்காமல்

வெட்டு முடிவான பிறகுதான் துணிக்கடை. முதலில் துணி எடுத்தால் அந்தத் துணி வெட்டைத் தீர்மானித்துவிடும். 

மெல்லிய டிராபிக்கல் உல், லினன், கனமான காட்டன், சுருக்கம் சுருக்கமாக நெய்த சீர்சக்கர் காட்டன். இந்த நான்கும் நமக்குப் போதும். "இந்த ஊர் வெயில்ல கோட்டா" என்பவர்களுக்குப் கொங்கோவின் பிராஸவில் நகரத்துச் சப்பேர்கள் படத்தைக் காட்டுகிறேன். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர் அது.

மெட்ராஸ் செக் துணிக்குத் தனியாக ஒரு வார்த்தை. 50, 60களின் ஐவி கோட்டுகளில் கோடைக்கு இதுதான். நம் நெசவாளர் தறியில் நெய்த கட்டம் போட்ட பருத்தி அமெரிக்கக் கல்லூரிப் பையன் முதுகில் ஏறியது. அதற்கு வெகுகாலம் முன்பே நைஜர் டெல்டாவின் கலபாரி மக்கள் இதே துணிக்கு இன்ஜிரி என்று பெயர் வைத்து உடுத்தியிருக்கிறார்கள். வந்த துணியை அப்படியே கட்டாமல், குறிப்பிட்ட நிற நூல்களைப் பிளேடால் அறுத்து இழுத்துவிட்டு, கட்டத்துக்குள் புதுக் கட்டம் உண்டாக்குவார்கள். பெலெட்டெ பிடே என்பார்கள் அதை. நம் கடையிலோ இதே துணியில் கோட்டு கேட்டால் "லுங்கித் துணியிலயா?" என்று சிரிக்கிறார்கள்.

என் முதல் மெட்ராஸ் கோட்டை நானே கெடுத்தேன். துணியை நனைக்காமல் வெட்டவிட்டேன். முதல் சலவையில் கை ஒரு இன்ச் ஏறிவிட்டது. காட்டன் எதுவானாலும் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே கட்டிங் மேஜைக்கு. 58 இன்ச் அகலத் துணியில் நடுத்தர உடம்புக்குக் கோட்டு மட்டும் 2 முதல் 2.25 மீட்டர். கைத்தறி அகலம் குறைவு, கட்டம் பொருந்த வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துக் கூடுதலாக எடுங்கள். எவ்வளவு என்று துணியைக் காட்டி மாஸ்டரிடமே கேட்டுவிட்டு வாங்குங்கள்.

6. நிறம்

"தம்பி கறுப்பா இருக்கீங்க, லைட் கலர் எடுங்க" என்று துணிக்கடையில் கேட்காத ஆள் நம் ஊரில் உண்டா? கறுப்பின ஆண்களின் படங்களைப் படிப்பதில் நமக்குக் கிடைக்கும் பெரிய லாபமே இந்தப் பேச்சிலிருந்து வெளியே வருவதுதான். 1958இல் வந்த மைல்ஸ் இசைத்தட்டு ஒன்றின் உறையில் அவர் போட்டிருக்கும் பச்சைச் சட்டையைப் பாருங்கள். ஆஸ்வால்ட் போட்டெங் 1995இல் தையற்கடைகளுக்குப் பெயர்போன லண்டன் ஸாவில் ரோ தெருவின் முனையில் கடை போட்டபோது, சாம்பலும் நீலமுமாகக் கிடந்த அந்தத் தெருவுக்கு ஊதாவையும் கருஞ்சிவப்பையும் கொண்டுவந்தார். அடர் பச்சை, கடுகு மஞ்சள், ஒயின் சிவப்பு, சுத்த வெள்ளை நான்கும் கருத்த தோலுக்குப் பக்கத்தில் உயிரோடு நிற்கும். என் கண்ணுக்கு மங்கித் தெரிவது, கடைக்காரர் எடுத்து நீட்டும் அந்த வெளிறிய பிஸ்கட் நிறம்தான்.

சோதனை எளிது. துணியைத் தாடைக்குக் கீழே பிடித்து, கடை வாசலில் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். போனில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் போன் தானாக முகத்தை வெளுப்பாக்கிவிடும். டியூப் லைட்டில் முடிவு செய்யாதீர்கள். எத்தனை நிறம் என்று குழம்பினால் சப்பேர்களின் கணக்கு இருக்கிறது: ஒரு உடையில் மூன்று நிறத்துக்கு மேல் வேண்டாம்.

7. தையல்காரரிடம் பேசுவது

தைக்கும் வரிசை: சட்டை, பேன்ட், கடைசியில் கோட்டு. சட்டைக் காலர் உயரம் தெரிந்தால்தான் கோட்டுக் காலர் கழுத்தில் படியும். பேன்ட் எங்கே கட்டுகிறது என்று தெரிந்தால்தான் பட்டனுக்குக் கீழே சட்டை எட்டிப் பார்க்காமல் இருக்கும். இடுப்பு எலும்புக்குக் கீழே நிற்கும் இன்றைய பேன்ட்டோடு 50களின் கோட்டைப் போட்டால் ஒரு முக்கோணம் சட்டை தெரியும். தெரிந்தால் எல்லாம் போச்சு.

பெயர் சொல்லாதீர்கள், அளவு சொல்லுங்கள். "ஐவி ஸ்டைல் மாஸ்டர்" என்றால் அவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்றைத் தைத்துவிடுவார். "பேட் வேணாம், முன்னால டார்ட் வேணாம், லேபல் மூணு இன்ச், சென்டர் ஓபன், நீளம் சீட்டை மூடணும், பாட்டம் பதினாறு" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளைப் பில்லோடு பின் அடிக்கச் சொல்லுங்கள். அளவு எடுத்தவர் ஒருவர், வெட்டுபவர் ஒருவர், தைப்பவர் ஒருவர்; வாய்ச்சொல் மூன்றாவது கைக்குப் போய்ச் சேராது.

அப்புறம் இந்தப் பேச்சு வரும், கட்டாயம் வரும்:

"சார், இவ்ளோ நீளம் இப்ப யாரும் போடறதில்ல. ரெண்டு இன்ச் ஏத்திடுவோம், யூத்தா இருக்கும்."

"இல்ல மாஸ்டர், இதே நீளம்தான். தப்பா வந்தா உங்களக் கேக்க மாட்டேன்."

இரண்டாவது வாக்கியம் முக்கியம். மாஸ்டர் குறைக்கப் பார்ப்பது பிடிவாதத்தால் இல்லை. வாடிக்கையாளர் நாளைக்கு வந்து திட்டுவார் என்ற பயம். அதை எடுத்துவிட்டால் கேட்டபடி வெட்டுவார்.

பேட் இல்லாத சோல்டரைத் தைத்துப் பழக்கமில்லாத கடைகள் நிறைய. முன்பணம் கொடுக்கும் முன் "பேட் இல்லாமத் தைச்ச கோட்டு ஒண்ணு காட்டுங்க" என்று கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் மரியாதையாக வெளியே வந்துவிடலாம்.

8. ட்ரயல்

கச்சாத் தையலில் ஒரு ட்ரயல், கை வைத்த பிறகு இன்னொன்று. இரண்டுக்கும் அதே சட்டை, அதே பேன்ட், அதே ஷூவோடு போக வேண்டும். டி-ஷர்ட் மேல் கோட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு "ஓகே" சொல்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

உட்காருங்கள், கையைத் தூக்குங்கள், பைக் ஹேண்டில் பிடிப்பது போல முன்னால் நீட்டுங்கள். கழுத்துக்குப் பின்னால் காலர் விலகக் கூடாது. கையைத் தொங்கவிட்டால் சட்டைக் கை அரை இன்ச் வெளியே தெரிய வேண்டும். மூன்று பக்கமும் படம் எடுத்து ஃபோல்டர் படங்களோடு அங்கேயே ஒப்பிடுங்கள். கண்ணாடி பொய் சொல்லும். கண்ணாடி முன் எல்லோரும் வயிற்றை உள்ளே இழுக்கிறோம்.

9. தொப்பி, கண்ணாடி, ஷூ: இப்போதுதான்

கோட்டு கைக்கு வந்த பிறகு ஒரே ஒரு கூடுதல் பொருள். நியூயார்க் நிக்ஸ் கூடைப்பந்து வீரர் வால்ட் ஃபிரேசியர் 70களில் அகலத் தொப்பியோடும் ஃபர் கோட்டோடும் திரிந்தார். கிளைட் என்ற பட்டப்பெயரே தொப்பியால் வந்தது. 1973இல் பூமா அந்தப் பெயரிலேயே மெல்லிய தோல் ஷூ ஒன்றை விற்றது, இன்றும் கிடைக்கிறது. அவரிடமிருந்து ஷூவை எடுங்கள், அல்லது தொப்பியை எடுங்கள். இரண்டும் சேர்ந்தால் மாறுவேடப் போட்டி.

10. எடுக்கக் கூடாதவை

முகத்துக்கு மை பூசுவது, விக் வைப்பது, பேச்சைப் பகடி செய்வது. கல்லூரி விழாக்களில் இன்னும் நடக்கிறது. வேண்டவே வேண்டாம். கறுப்பின மக்களைக் கேலி செய்யவென்றே வெள்ளையர்கள் நூறு வருடத்துக்கு மேல் மேடையில் செய்தது அது. கானா நாட்டுக் கைத்தறித் துணியான கேன்டே போலச் சடங்குக்கும் பதவிக்கும் பொருள் உள்ள துணியைக் கோட்டு லைனிங்காகப் போடுவதையும் நான் தவிர்க்கச் சொல்வேன்.

யாராவது "எங்கே எடுத்த ஐடியா?" என்று கேட்டால் பெயரைச் சொல்லுங்கள். 2017இல் இத்தாலிய ஆடை நிறுவனமான குச்சி (Gucci) மேடையேற்றிய ஒரு ஜாக்கெட், டாப்பர் டான் 80களில் ஓட்ட வீராங்கனை டயேன் டிக்சனுக்குத் தைத்ததை அப்படியே ஒத்திருந்தது. பெயர் சொல்லவில்லை என்று பலத்த கண்டனம் எழுந்தது. அடுத்த வருடம் அதே நிறுவனம் அவரோடு சேர்ந்து ஹார்லெமில் தையலகம் திறந்தது. பெரிய நிறுவனங்களின் வழக்குகளாலும் சோதனைகளாலும் 1992இல் மூடிய கடைக்காரர் அவர்.

11. கொண்டுவந்த பிறகு

மிச்சத் துணியை மாஸ்டரிடம் கேட்டு வாங்கிவையுங்கள். முழங்கை தேய்ந்தால் ஒட்டுப்போட வேறு எங்கும் அந்தச் சாயம் கிடைக்காது. தையலுக்குள் இடுப்பிலும் கையிலும் ஒரு இன்ச் மார்ஜின் விட்டிருக்கிறாரா என்று உள்ளே திருப்பிப் பாருங்கள். மெட்ராஸ் செக் என்றால் முதல் இரண்டு சலவை தனியாக, குளிர்ந்த தண்ணீரில். அகலத் தோள் வைத்த மர ஹேங்கரில் மாட்டுங்கள். கம்பி ஹேங்கரில் ஒரு மழைக்காலம் தொங்கினால் பேட் இல்லாத சோல்டரில் இரண்டு கொம்பு முளைத்துவிடும், இஸ்திரிக்கும் போகாது.